நூற்றேழாம் அறை

"இந்த அலமாரியில இருக்கறவங்கள்ல எத்தனையோ பேரு செத்துட்டாங்க, கனி. எடத்தை மட்டும் விடமாட்டேங்கறாங்க" என்றார் டாக்டரம்மா.

அப்துல் கனியால் மறுக்க முடியவில்லை. தருமபுரியில் அந்த டி.பி. மருந்தகம் திறந்த அறுபத்தெட்டிலிருந்து ஏழு வருஷமாகக் கார்டுகள் அவர் பொறுப்பு. அலமாரியில் முந்நூறு அறை. அறைக்கு ஒரு கார்டு. மாத்திரை வருவதும் முந்நூறு பேருக்குத்தான். நோயாளி இறந்தால் கனி கார்டின் குறுக்கே சிவப்புக் கோடு போடுவார். உருவி வெளியே எடுக்க மட்டும் கை வராது.

அதன் பலனை வெளியே இருந்தவர்கள் அனுபவித்தார்கள். புதிதாக வந்த இருபது பேர் கார்டு இல்லாமல் காத்திருந்தார்கள். வரிசையில் கடைசி ஆள் வேப்பமரத்தடியில், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மூன்று வாரமாக வந்து வெறுங்கையோடு திரும்புகிறார். இருமினால் துண்டில் ரத்தம் படுகிறது.

ஒரு நாள் மூடிவைத்துவிட்டு ஒழுங்குபடுத்தலாமா என்று கனி கேட்டார். மூடினால் அன்றைக்கு வருகிறவர்களுக்கு மாத்திரை தவறும், கொடுத்துக்கொண்டே எடுங்கள் என்றார் டாக்டரம்மா. ஆளை நேரில் பார்க்காமல் இனி எந்தக் கார்டுக்கும் மாத்திரை கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

கனி வேலையில் இறங்கினார். ஒருவருக்கு மாத்திரை கொடுத்து, அடுத்தவர் வருவதற்குள் இரண்டு அறைகளைப் பார்த்துவிடுவார். சிவப்புக் கோடு போட்ட கார்டு வெளியே வரும். காத்திருந்தவருடைய கார்டு அங்கே போகும். நூற்றேழாம் அறையை மட்டும் தொடாமல் தாண்டினார். அதில் இருந்தது அவர் தங்கை ஜுபைதாவின் கார்டு. சிவப்புக் கோடு போட்டு மூன்று வருஷமாகிறது.

பத்தொன்பது பேருக்கு இடம் கிடைத்துவிட்டது; நூற்றேழைத் தவிர வேறு சிவப்புக் கோடு இல்லை. பாக்கி, வேப்பமரத்தடி ஆள்தான். ஆள் நேரில் வராத இருநூற்றுப் பன்னிரண்டாம் அறை காலியாகும் என்று கனி கணக்குப் போட்டு வைத்திருந்தார். கார்டில் பெயர் கிருஷ்ணப்பன். படுத்த படுக்கை என்று சொல்லி, மாதாமாதம் மாத்திரை வாங்கிப் போவது அவர் மனைவி, காரிமங்கலத்து ராமக்காள்.

அன்றும் அவள் வந்தாள். வண்டி வைத்தாவது புருஷனைக் கூட்டி வரச் சொன்னார் கனி.

"அவரு வரமாட்டாருங்க, பாய்" என்று மெதுவாகச் சொன்னாள் ராமக்காள். "செத்து ஒன்றரை வருசமாச்சுங்க."

கனிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்ப மாத்திரையை என்னம்மா பண்றே?"

"நாந்தானுங்க திங்கறேன். எனக்கும் அதே இருமலுங்க."

அவள் பெயருக்கே கார்டை மாற்றித் தருவதாகச் சொன்னதும் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். "வேண்டாங்க, பாய். மவளுக்குப் பேசி முடிச்சிருக்குதுங்க. அவரே மாரடைப்புல போனாருன்னுதான் சம்பந்தி வூட்டுல சொல்லி வெச்சிருக்கறோம்."

கனி அவளை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். அவர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, பெயர் எதுவாக இருந்தால் என்ன, மருந்து நெஞ்சுக்குத்தானே என்று அந்தக் கார்டை அப்படியே விடச் சொன்னார். ராமக்காள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனாள்.

வெளியே இருமல் கேட்டது. கனி அலமாரிக்குத் திரும்பி வந்தார். நூற்றேழாம் அறையில் கை விட்டு ஜுபைதாவின் கார்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூன்று வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய காரியம் என்று அவருக்கே தோன்றியது. உயிரோடு இருக்கிற ஒருவருக்கு அந்த இடம் போகட்டும்.

வேப்பமரத்தடி ஆளைக் கூப்பிட்டு, புதுக் கார்டை எடுத்துவைத்துப் பெயர் கேட்டார்.

"ஆண்டின்னு எழுதுங்க, பாய்" என்றார் அவர். "எங்கண்ணன் பேருங்க. போன வருசம் செத்துட்டாரு."

கனி பேனாவை நிறுத்தினார். "செத்தவரு பேரு எதுக்குங்க? உங்க பேரு என்ன?"

"மாதையனுங்க. ஆனா அதை எழுதிடாதீங்க" என்று அவர் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "மவனுக்குப் பொண்ணு பேசி முடிச்சிருக்குதுங்க. எனக்கு டி.பி.ன்னு தெரிஞ்சா, காரிமங்கலத்து ராமக்காளு பொண்ணைத் தரமாட்டாங்க."