வெளுத்த துண்டு

ரெண்டு வருஷமாகியும் மெர்சி டீச்சரின் ஸ்கூட்டர் சீட் புதுசாட்டம் மின்னியது. வண்டியை வெயிலில் விடும்போதெல்லாம் டீச்சர் அதன்மேல் ஒரு பழைய நீலத் துண்டை விரித்துவிட்டுப் போவாள். சீட்டுக்கு அது ஒரே மானக்கேடு.

“என் அழகை மறைக்கத்தான் வந்தியா? தள்ளிப் போயேன்!” என்று ஒரு கோடை நாளில் சிடுசிடுத்தது சீட்.

துண்டு காற்றடித்த சாக்கில் சறுக்கிக் கீழே இறங்கிக்கொண்டது. அன்றிலிருந்து தினமும் அப்படியே.

அந்தக் கோடை முடிவதற்குள் சீட்டின் தோல் வறண்டு, ஓரத்தில் மயிரிழையாய் வெடித்தது. டீச்சர் கீழே கிடந்த துண்டை எடுத்து விரித்து உதறினாள். அப்போதுதான் சீட் அதை முழுசாகப் பார்த்தது. ஓரமெல்லாம் நீலம், நடுவில் மட்டும், அச்சு அசலாகச் சீட்டின் உருவத்திலேயே வெளுத்துப் போயிருந்தது.

“ரொம்ப எரிஞ்சுதா?” என்று மெல்லக் கேட்டது சீட்.

“அதை விடு. எங்க வெடிச்சிருக்கு, காட்டு” என்றபடி அதன்மேல் படர்ந்தது துண்டு.