வேகப் பூட்டு

‘ஜூலை 9. மாலை வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதம். தவறு என்னுடையதே.’

சிவசங்கரி டைரியில் இவ்வளவு எழுதுவதற்குள் பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் நொண்டிக்கொண்டே வந்து அழுதாள்.

“அக்கா, குமுளி செக்கிங்ல என் எலக்ட்ரிக் ஸ்கூட்டரப் புடிச்சுட்டாக. இருபத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாமப் போட்ட பூட்ட யாரோ எடுத்திருக்காகளாம். பூட்டு இருந்தவரைக்கும் லைசன்ஸ் வேணாம், இனி வேணுமாம்!”

“ஏலக்காய்க் கடையில என்னடி சொன்னாக?”

“வண்டியில்லாம இந்தக் காலோட எப்பிடி வருவேன்னு வேலைய விட்டே நிறுத்திட்டாகக்கா. பூட்ட எடுத்தவுக கை வெளங்காமப் போக!”

“அழாதடி” என்று கண்ணைத் துடைத்து அனுப்பிவிட்டு, சிவசங்கரி மிச்சத்தையும் எழுதினாள்.

‘அவள் ஸ்கூட்டரை இரவல் வாங்கிய அன்று மெக்கானிக்கிடம் பூட்டை எடுக்க வைத்தேன். புகாரும் அனுப்பினேன். பிடிப்பார்களா என்ற சந்தேகம் இன்று தீர்ந்தது. கடையில் முன்பே கேட்டு வைத்தபடி, நாளை ஒன்பது மணிக்கு, சின்னத்தாய் இடத்தில் வேலைக்குச் சேர வேண்டும்.’