எண்ணெய்ப் பாறை

ஆனிச் சாரல் விழுகிறது. கடையநல்லூரிலிருந்து தெருக்காரர்கள் சேர்ந்து வண்டி கட்டி, புளியோதரைத் தூக்குகளோடு குற்றாலம் வந்திருக்கிறார்கள். குளித்துக் கரையேறிய ஆவுடைத்தாய், ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிடுகிறாள். எதிர்ப் பாறையில் ஒருவன் தடித்த மனிதர் ஒருவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் எண்ணெய் தேய்க்கிறான். தேய்க்கிறவனுக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. ஆனாலும் அந்தத் தோளின் தீத்தழும்பு அவளுக்குத் தெரியாததா? ஐந்து வருஷத்துக்கு முன்னால் கொழும்புக்குக் கப்பலேறுவதாகச் சொல்லிப் போன அவள் புருஷன் தளவாய். ஒரு கடிதாசிகூட வரவில்லை. கடலுக்கு அப்பால் இருப்பதாக அவள் நினைத்த ஆள், ஊரிலிருந்து பன்னிரண்டே மைலில் இருக்கிறான். அருவியின் இரைச்சல்கூட இப்போது அவள் காதில் விழவில்லை. பக்கத்தில் நின்ற நாலு வயது மகள் முன்னால் ஓடி, எண்ணெய் வழியும் பாறையில் சறுக்குகிறாள். அவன் சட்டென்று எட்டிப் பிடித்துக்கொள்கிறான். “பாத்து விடப்படாதாம்மா? யாரு பிள்ள இது?” என்று கேட்டபடி தலையைத் தூக்குகிறான். பிடித்த கை பிடித்தபடி இருக்க, அவன் முகம் வெளிறிப்போகிறது. ஆவுடைத்தாய் பாறையருகே போகிறாள்.

“நம்ம பிள்ளதான். வயித்துல இருக்குன்னு சொல்லுததுக்குள்ள போயிட்டிய.”