ஆபீசர் வேண்டாமென்ற கப்பல்

டி.வி. திரையில் அந்தப் பெண்ணின் முகம் வந்ததும் ஆபீசர் ரிமோட்டை எடுத்துப் பட்டென்று அணைத்தார்.

"என்னாச்சு மாமா?" என்றார் மாப்பிள்ளை. விடுமுறைக்குக் குடும்பத்தோடு போக லேப்டாப்பில் கப்பல் கப்பலாகத் தேடி, ஒவ்வொன்றின் படத்தையும் டி.வி.யில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

"இந்தக் கப்பல் வேண்டாம். அடுத்ததைக் காட்டுங்க."

உல்லாசக் கப்பலில் ஆபீசர் உத்தியோகம் என்று அவர் சொன்ன நாளிலிருந்து தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. பாதி ஆயுளைக் கடலில் கழித்துவிட்டு ஓய்வுபெற்று வந்தவர். வீட்டில் படுக்கை விரிப்பதும் துணி மடிப்பதும் அவர்தான். "கப்பல் ஒழுங்கு, இன்னும் போகலை" என்று மனைவி பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள். இப்போதும் சோபாவில் காய்ந்த துணிக் குவியலுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தார்.

"இதுக்கு என்ன மாமா குறை? நீங்க வேலை பார்த்த அதே கப்பல். உங்க பொண்ணு, போனா இதுலதான் போகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்ஜின் சரியில்ல. கொஞ்சம் காத்தடிச்சாலும் ஆட்டம் தாங்காது."

"புது இன்ஜின் மாத்திட்டாங்களே. இங்கயே போட்டிருக்கு."

"சாப்பாடு வாய்ல வைக்க முடியாது."

"எல்லாரும் ஆஹா ஓஹோன்னு எழுதியிருக்காங்க மாமா." மாப்பிள்ளை சிரித்தார். "நீங்க ஆபீசரா இருந்தவர்னு தெரிஞ்சா கேப்டன் ரூமுக்கே கூட்டிட்டுப் போவாங்க. உங்க பேரைச் சொல்லி இப்பவே ஒரு மெயில் போட்டுடறேன்."

"வேண்டாம்!"

அவர் போட்ட சத்தத்தில், சாப்பாட்டு மேஜையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே எழுந்து வந்தாள்.

"அந்தப் படத்தை மறுபடி போடுங்க மாப்பிள்ளை."

படம் வந்தது. கப்பலுக்குள் ஓர் அறை. சுருக்கமே இல்லாத படுக்கை, அதன் மேல் வெள்ளைத் துண்டில் செய்து வைத்த ஒரு யானை, பக்கத்தில் சீருடையில் சிரித்துக்கொண்டு அந்தப் பெண். நடுத்தர வயதிலும் லட்சணமாகத்தான் இருந்தாள்.

"யாரு இது?"

"எனக்கென்ன தெரியும்?"

"தெரியாதவளைப் பார்த்து ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

மாப்பிள்ளை லேப்டாப்புக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். மாமனார் மாமியார் சண்டையில் ஒரு மாப்பிள்ளைக்கு அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

ஆபீசர் நெற்றி வேர்வையைத் துடைத்தார். இவர்கள் அந்தக் கப்பலில் கால் வைத்து, அவள் இவரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டால் தீர்ந்தது. பெண்டாட்டி முகத்திலும் மகள் முகத்திலும் அப்புறம் எப்படி விழிப்பது? மானம் கப்பலேறும் என்று சும்மா பேச்சுக்குச் சொல்வார்கள். அவருக்கு அது நிஜமாகவே நடக்க இருந்தது.

"கூட வேலை பார்த்தவ. அவ்வளவுதான்."

"இப்பத்தானே தெரியாதுன்னீங்க?"

அவர் குவியலிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவையாச்சும் அந்தக் கப்பலைக் காட்டக் கூட்டிட்டுப் போனீங்களா? கேட்டப்பல்லாம் ஏதாவது ஒரு சாக்கு. ஏன்னு இப்பத்தானே புரியுது." மனைவியின் குரல் உடைந்தது. "மாப்பிள்ளை, இதுலயே டிக்கெட் போடுங்க. அவளை நான் நேர்லயே கேட்டுக்கறேன்."

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"போடுங்க மாப்பிள்ளை!"

மாப்பிள்ளை தன் மனைவியைப் பார்த்தார். அவள் மெல்லத் தலையாட்டினாள். விரல் ஒரு தட்டு தட்டியது.

"போட்டாச்சு அத்தை."

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நழுவினார்.

ஆபீசர் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. அவர் கைகள் மட்டும் சும்மா இல்லை. குவியலிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை உருவி, மடிப்பதும் சுருட்டுவதும் முறுக்குவதுமாக இருந்தன. என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோதுதான் குனிந்து பார்த்தார். மடியில் ஒரு யானை. தும்பிக்கையும் காதுமாக, டி.வி.யில் இருந்த அதே யானை, அச்சு அசலாக.

அவர் முகம் செத்துப்போயிற்று. மகள் உள்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அம்மா வருவதற்குள் யானையை எடுத்து உதறி, வெறும் துண்டாக்கிக் குவியலில் போட்டாள்.

"எனக்கு எப்பவோ தெரியும். அம்மாவை நான் சமாளிச்சுக்கறேன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"ஊரான் படுக்க நீங்க விரிச்ச படுக்கையில நீங்க ஒரு நாளாச்சும் படுக்கணும்ப்பா, அதுக்குத்தான் இந்தக் கப்பல்."