ரெலிக்ட் ஆஃப் செல்லத்துரை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. ஒரே ஒரு சொல்லுக்குப் பயந்தவளின் கதை சொல்கிறேன்.

எழுபத்துமூன்றாம் வருஷம், ஆடிச் சாரல். சித்திரபுரத்துக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து ஆபீஸ்.

ராமுத்தாயின் கட்டைவிரலில் மை காய்ந்துகொண்டிருந்தது. விரல் காகிதத்தில் இறங்கவில்லை.

ஆறு மாதம் வேலைக்கு வராதவனின் பெயரை அடித்துவிட்டு, லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் இருக்கும் வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். அவன் செத்துப்போனால் மட்டும், வேலையும் வீடும் பெண்டாட்டி பெயருக்கு மாறும். ஆறு மாதம் முடிய இன்னும் நாலு நாள்தான்.

இருமலுக்கு வைத்தியம் பார்க்க மலையிறங்கிய புருஷன் செல்லத்துரை போடியிலேயே முடிந்துபோனான் என்று அவள் சொல்லியிருந்தாள். லயத்தில் நாலு பேர் ஆமாம் என்றிருந்தார்கள்.

படிவம் வெள்ளைக்காரன் அச்சடித்துவிட்டுப் போனது. கிளார்க்கு சுவக்கீன் விரலோட்டி வாசித்தார்: "ராமுத்தாய், ரெலிக்ட் ஆஃப் செல்லத்துரை."

"அப்படின்னா என்னய்யா? வீட்ட ஒழிச்சுத் தாரேன்னு எழுதியிருக்கா?"

சுவக்கீன் தலையைச் சொறிந்தார். "பதினெட்டு வருசமா இதே ஃபாரத்த நிரப்புதேன் தாயி. ஒருத்தரும் இப்படி அர்த்தம் கேட்டு என் மானத்த வாங்கினதில்ல."

பழைய துரை விட்டுப்போன தடித்த அகராதியைத் தூசி தட்டி எடுத்தார். பக்கங்கள் புரண்டன.

உள்ளறையிலிருந்து புது மேனேஜர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சுவக்கீனின் மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இந்தா இருக்கு. செத்தவனோட பெஞ்சாதி. கைம்பொண்டாட்டி. பழைய சொல்லாம், இப்ப யாரும் எழுதுறதில்லையாம். அவ்வளவுதான் தாயி, வையி."

வாயால் சொன்ன அன்று இப்படி இல்லை. அச்செழுத்தில் ஏறிவிட்டால் அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது.

சுவக்கீன் மறுபடி மை தடவினார்.

அழுத்தினாள். அழுத்திய கையோடு உடைந்து அழுதாள்.

மேனேஜர் எழுந்து வந்தார். அவள் முகத்தைப் பார்க்கமாட்டாமல், தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.

சாரலில் நனைந்தபடியே லயத்துக்கு ஓடினாள். கதவைத் தாழிட்டாள். அடுப்படிக்குப் பின்னால் தொங்கிய சாக்குப் படுதாவை விலக்கிக் குந்தினாள்.

"வீடு தங்கிருச்சு. இனிமே இருமல் வந்தா, தலகாணிய வாயில பொத்திக்கிட்டு இருமுங்க."

நல்லா இருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் உயிரோடு இருக்கிறவர்கள், எல்லாக் காகிதத்திலும் உயிரோடு இருக்கட்டும்.