ஐந்தாவது ஆட்டம்

துண்டை எடுத்து நெட்டையின் கழுத்தையும் முதுகையும் ஒற்றி எடுத்தான் ஸ்டெப்னி. பெற்றவள்கூட அவ்வளவு பதமாகத் துடைத்திருக்க மாட்டாள். தண்ணீர் பாட்டிலின் மூடியையும் அவனே திறந்து கொடுத்தான்.

"இன்னும் ஒரே ஒரு கேம்டா. அதை எடுத்துட்டா கப்பு நமக்கு," என்றான் நெட்டை, மூச்சு வாங்க.

"ஆமாடா," என்றான் ஸ்டெப்னி. அவன் கவலையே அந்த ஒரே ஒரு கேம்தான்.

கல்லூரி ஸ்குவாஷ் அணிக்கு ஐந்து பேர். ஆளுக்கு ஓர் ஆட்டம், ஒன்றன்பின் ஒன்றாக. எந்த அணி முதலில் மூன்றை ஜெயிக்கிறதோ அதற்கே வெற்றி. மீதி ஆட்டங்கள் கிடையாது. இந்த அணியோ மூன்று வருடமாகத் தோல்வியே அறியாதது. எல்லாம் மூன்றாவது ஆட்டத்திலேயே முடிந்துவிடும், மிஞ்சிப்போனால் நான்காவதில்.

ஆகவே, ஐந்தாவதாகப் பெயர் எழுதப்பட்டவனுக்கு மூன்று வருடமும் ஷூ லேஸைக் கட்டியதும் அவிழ்த்ததும்தான் மிச்சம். ஸ்டெப்னி என்று பேர் வைத்தது கேப்டன். கோச்சும் அப்படியே கூப்பிட ஆரம்பிக்க, இப்போது சொந்தப் பேரைச் சொன்னால் ஹாஸ்டல் வாட்ச்மேனுக்கே அடையாளம் தெரியாது.

பேர் போனால் போகிறது, வேலை போகக் கூடாதே! துறைமுக அலுவலகத்தில் விளையாட்டு வீரர்களுக்கென்று ஒதுக்கிய வேலை அது. விண்ணப்பத்தில் ஒரு கட்டம்தான் காலி: 'இதுவரை ஆடிய ஆட்டங்கள்'. ஜெயித்தாயா, தோற்றாயா என்ற கேள்வியே இல்லை. எவனோடாவது ஓர் ஆட்டம் ஆடியிருந்தால் போதும். பூஜ்யம் என்றால் அண்ணனின் டயர் கடையில் பஞ்சர் ஒட்ட வேண்டியதுதான். அண்ணி ஒரு வாய் சாப்பாடு போட்டுப் பத்து வாய் பேசுவாள்.

இது கடைசி வருடம், இறுதிப் போட்டி. கேப்டனும் அடுத்தவனும் ஜெயித்தாயிற்று. அதிசயமாக மூன்றாமவன் கோட்டை விட்டுவிட்டான். நான்காவது ஆள் நெட்டை, ஹாஸ்டலில் ஸ்டெப்னியின் அறைத்தோழன். ஐந்து கேமில் மூன்றை எடுப்பவனுக்குத்தான் ஆட்டம்; அவன் இரண்டு எடுத்தாயிற்று. மூன்றாவதையும் எடுத்தால் ஸ்டெப்னியின் கதை முடிந்தது.

எதிரணி பெஞ்சில் ஆடி முடித்த மூன்று பேர் நனைந்த பனியனோடு காலை நீட்டிக் கிடந்தார்கள். ஒருவன் அதற்குள் ராக்கெட்டைப் பைக்குள் திணித்துவிட்டான். இவர்களை நம்பிப் பிரயோஜனமில்லை என்று ஸ்டெப்னிக்குப் புரிந்தது.

இடைவேளையில் இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. குனிந்து நெட்டையின் காதருகே போனான்.

"டேய், காலைல உங்கம்மா என் போனுக்குப் பேசினாங்க."

"அம்மாவா? என்னவாம்?"

"அப்பாவுக்கு நெஞ்சு வலிடா. ஐசியூல வச்சிருக்காங்களாம்."

நெட்டையின் கையிலிருந்த பாட்டில் சாய்ந்து, ஷூவெல்லாம் தண்ணீர். "இதை ஏன்டா இப்ப சொல்ற?"

"மனசு கேக்கலடா."

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நெஞ்சு வலி நிஜம், ஐசியூ நிஜம். 'இனிமே பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாருப்பா, ஆட்டம் முடியற வரைக்கும் அவன்கிட்ட மூச்சு விடாதே' என்று அந்த அம்மா அழுததும் நிஜம். அதை மட்டும் விழுங்கிவிட்டான்.

அதன்பிறகு நெட்டை ஆடியது ஆட்டமே இல்லை. கண்ணெதிரே வந்த பந்தை விட்டுவிட்டுக் கதவையே பார்த்தான். அடுத்த மூன்று கேமும் மளமளவென்று போயின. கோச் கண்ணாடிச் சுவரில் முட்டிக்கொள்ளாத குறை.

இரண்டுக்கு இரண்டு!

வெளியே வந்த நெட்டை ஸ்டெப்னியைக் கட்டிக்கொண்டு குலுங்கினான். "கூடப் பொறந்தவன்கூட சொல்லியிருக்க மாட்டான்டா. எல்லாருக்கும் கப்புதான் பெரிசு. உனக்கு மட்டும்தான் எங்கப்பா பெரிசாப் பட்டாரு. நான் கிளம்பறேன், நீ பாத்துக்க."

ஸ்டெப்னிக்குச் சுருக்கென்றது. 'பயமில்லையாம்டா' என்ற ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று மென்று முழுங்கிவிட்டு ஷூ லேஸை இறுக்கினான். நெட்டை பையைக்கூட எடுக்காமல் படியிறங்கி ஓடினான்.

"ஸ்டெப்னி, மானத்தைக் காப்பாத்துடா!" என்று கேப்டன் முதுகில் தட்டினான். மூன்று வருடத்தில் அவன் தொட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

கோர்ட்டுக்குள் நுழைந்ததும் ஸ்டெப்னிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஸ்குவாஷ் பந்து குளிர்ந்திருந்தால் எழும்பாது; சுவரில் அடித்து அடித்துத்தான் சூடேற்ற வேண்டும். அடித்தான். விண்ணப்பத்தின் அந்தக் கட்டத்தில் 'ஒன்று' என்று எழுதுவது போலவே ஒவ்வோர் அடியும் இனித்தது. பந்து சூடேறித் துள்ள ஆரம்பித்தது. எதிராளி மட்டும் இன்னும் உள்ளே வரவில்லை.

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எதிரணி கேப்டனைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, உங்க அஞ்சாவது ஆள் எங்க? ரெண்டு நிமிஷத்துல உள்ள வரலன்னா இந்த ஆட்டமே கிடையாது. ஆடாமலே கப்பு அவங்களுக்குப் போயிடும்."

அவன் எழுந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"இவங்ககூட ஆட்டம் என்னிக்கு சார் அஞ்சு வரைக்கும் போயிருக்கு? நாங்க நாலு பேர்தான் வந்தோம்!"