உயிலங்குளத்துத் தண்ணி

“எங்கட தண்ணி உங்களுக்குத் தீட்டோ?”

ஸுஹறா போட்ட சத்தத்தில் தையல் நிலையமே திரும்பிப் பார்த்தது.

உயிலங்குளத்திலிருந்து பஸ் ஏறி எருக்கலம்பிட்டிக்கு வேலைக்கு வரும் சிவபாக்கியம், தண்ணிக் கானும் கையுமாக வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஸுஹறாக்கா, அது வந்து...”

“ஒண்டும் சொல்ல வேணாம்! நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். ஒவ்வொரு நாளும் ஊரில இருந்து காவிக்கொண்டு வாறீங்கள். எங்களோட இருந்து தைக்கலாம், சிரிக்கலாம், தண்ணி மட்டும் ஆகாதோ?”

ஸுஹறாவுக்கு நெஞ்சு கொதித்தது. கொதிக்காதா பின்னே? முஸ்லிம் என்று ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, இருபது வருசம் அகதியாய் ஊர் ஊராய் இழுபட்டது போதாதா? சொந்த ஊருக்குத் திரும்பி வந்து, தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒன்றாய் இருந்து தைக்கட்டும் என்று இந்த நிலையத்தைத் திறந்தவளே அவள்தான்.

அதுவும் இன்றைக்கென்று பார்த்து! பின்னேரம், கம்ப்யூட்டர் தையல் மெசினைப் பரீட்சைக்குத் தந்த ஆட்கள் கொழும்பிலிருந்து வருகிறார்கள். அதில் தைத்த நூல் வள்ளம், நூலாலேயே ஆன சின்னப் படகு, அவர்களுக்குப் பிடித்தால்தான் மெசின் இங்கே நிற்கும். இல்லாவிட்டால் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

“இண்டைக்கு எங்கட தண்ணியைத்தான் குடிக்க வேணும். ஏலாதெண்டால் நாளைக்கு வர வேணாம்!”

கானைப் பறித்து, மூடியைத் திறந்து, அவ்வளவையும் வாசல் மணலில் கவிழ்த்தாள்.

சிவபாக்கியத்தின் கண் கலங்கியது. வெறுங்கானை வாங்கிக்கொண்டு உள்ளே மெசின் பக்கம் பார்த்தாள்.



உள்ளே மெசினில் நின்ற மகள் நுஸ்ரியா ஓடி வந்தாள். கையில், மெல்லிய தாளில் தைத்த நீல நூல் வள்ளம். தாளைத் தண்ணீரில் கரைத்துவிட்டு, நூலை மட்டும் வளைத்து நிறுத்தவேண்டியதுதான் மிச்சம்.

“உம்மா! என்ன வேலை செஞ்சீங்க? இதை இனி எதில கழுவுறது?”

“ஏன், கிணறு வத்திப் போச்சோ?”

“நம்மட கிணத்துத் தண்ணியில கழுவினா நூல் உப்புப் பூத்து வெள்ளையாப் போகுது. அதுக்குத்தான் இவ குளத்துத் தண்ணி காவுறா. சொன்னா ஊர்த் தண்ணியைக் குறை சொல்றதா நீங்க கோவிப்பீங்க எண்டு, சொல்ல வேணாமெண்டதும் இவதான்.”

“அப்ப குடிக்கிறதுக்கு?” ஸுஹறா விடவில்லை.

“நம்மட பானையிலதான். அதுவும் உங்கட கோப்பையில.”